அமெரிக்கக் காடுகளில் காசு கொடுக்காமல் டென்ட் போட்டுத் தங்க முடியுமா? இடம் எப்படிப் பிடிப்பது?

முடியும். சட்டப்படியே முடியும். முன்பதிவு வேண்டாம், பெரும்பாலான இடங்களில் அனுமதிச் சீட்டும் வேண்டாம். எச்1பி விசாவில் இருக்கிறேன், ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். தங்குவதால் ஒரு சிக்கலும் வராது, அங்கே தங்க இன்ன விசா வேண்டும் என்று விதி இல்லை. விதியை மீறினால்தான் வம்பு. அது மத்திய அரசு நிலம், அபராதச் சீட்டும் மத்திய அரசின் பெயரில்தான் வரும்.

நான் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் குடியிருப்பவன். இங்கே கோடை 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டால் குழந்தைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வடக்கே மலையேறிவிடுவோம். அதனால் அரிசோனாவை வைத்தே சொல்கிறேன். மற்ற மேற்கு மாநிலங்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

முதலில் எது யாருடைய நிலம் என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி போன்றவை தேசியப் பூங்காக்கள். அங்கே நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. அவற்றைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் தேசியக் காடுகள். இவை மத்திய அரசின் வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸின் பொறுப்பில் உள்ளவை, நாடு முழுக்கச் சுமார் 19 கோடி ஏக்கர். இவற்றைத் தவிர பி.எல்.எம். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் நில மேலாண்மைப் பணியகத்திடம் சுமார் 24 கோடி ஏக்கர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குடியேற வந்தவர்களுக்கு அரசாங்கம் நிலத்தை அள்ளிக் கொடுத்தபோதும், தண்ணீர் இல்லை, ஒன்றும் விளையாது என்று யாரும் சீந்தாமல் விட்ட பொட்டல்தான் இதில் பெரும்பகுதி. (அதற்கு முன்னால் அது யார் நிலம், அவர்கள் கையைவிட்டு எப்படிப் போனது என்பது தனிக்கதை. சந்தோஷமான கதை இல்லை.) 1976இல் வந்த சட்டம், பொதுவாக இந்த நிலங்களை விற்காமல் அரசிடமே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. நீங்களும் நானும் அங்கே டென்ட் போட முடிவது அதனால்தான்.

இந்த இரண்டு வகை நிலத்திலும், கட்டணம் வாங்கும் முகாம்களுக்கு வெளியே, எந்த வசதியும் இல்லாத இடத்தில் தங்குவதைத்தான் ‘டிஸ்பெர்ஸ்டு கேம்பிங்’ என்கிறார்கள். கழிப்பறை, குழாய், மேசை, குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை இருக்கலாம். சில இடங்களில் அதைவிடக் குறைவு. வீட்டு வாடகையை மிச்சம் பிடிக்க அங்கேயே குடியேறிவிடுவதற்கு அனுமதி கிடையாது.

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நெவாடா என்றால் மாநிலத்தின் 80 சதவீதம் மத்திய அரசு நிலம், கொடுத்துவைத்தவர். டெக்சாஸ் என்றால் ஏறக்குறைய எல்லாமே தனியார் நிலம், கிழக்கு ஓரத்தில் நாலு தேசியக் காடுகள் மட்டும் உண்டு. நியூ ஜெர்சியில் தேசியக் காடே இல்லை. பென்சில்வேனியாவின் அலிகேனிக்கோ, வெர்மான்ட்டின் கிரீன் மவுன்டனுக்கோ வண்டியைக் கிளப்ப வேண்டும்.

சரி, இடம் பிடிப்பது. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘இலவச முகாம்’ செயலிகளை நம்பி மட்டும் போகாதீர்கள். அவற்றில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடத்துக்கு நீங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேரும்போது, அதே நட்சத்திரத்தைப் பார்த்த இன்னும் முப்பது வண்டிகள் அங்கே நிற்கும். ஒரே இடத்தில் கூட்டம் குவிந்து, குப்பையும் மலமும் சேர்ந்து, கடைசியில் அந்த இடத்தையே மூடுகிறார்கள். அரிசோனாவின் செடோனா ஊருக்கு மேற்கே முன்பு எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், இப்போது குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும்தான். கலிஃபோர்னியாவின் அலபாமா ஹில்ஸில், விட்னி சிகரம் எதிரே தெரியும் அந்தப் பாறைக்காட்டில், இப்போது அனுமதிச் சீட்டு கட்டாயமாகிவிட்டது. பழைய பதிவுகளை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

நம்ப வேண்டியது ஃபாரஸ்ட் சர்வீஸ் இலவசமாகவே தரும் மோட்டார் வாகன வரைபடத்தை. எம்.வி.யு.எம். என்பார்கள். அழகே இல்லாத கறுப்பு வெள்ளை வரைபடம். மலை, மரம், காட்சிமுனை என்று எதையும் காட்டாது. எந்தச் சாலையில் வண்டி ஓட்டலாம் என்பதை மட்டும் காட்டும். அதில் இல்லாத பாதை தரையில் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும், உங்கள் வண்டிக்கு அது மூடிய பாதை. சில சாலைகளின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். அங்கே குறிப்பிட்ட தூரம்வரை வண்டியையே உள்ளே இறக்கி முகாம் போடலாம். புள்ளி இல்லாத இடங்களில், தடை எதுவும் குறிப்பிடாவிட்டால், வண்டியைச் சாலையை ஒட்டி நிறுத்திவிட்டு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கலாம். ‘அவென்சா’ செயலியில் இந்த வரைபடத்தை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளியாகக் காட்டும். வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் சிக்னல் போய்விடும்.

பி.எல்.எம். நிலத்துக்குப் போனால் இன்னொரு கவனம் வேண்டும். மத்திய அரசு நிலமும் தனியார் நிலமும், மாநில அரசு வருமானத்துக்காக வைத்திருக்கும் அறக்கட்டளை நிலமும் பல இடங்களில் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறி வரும். எல்லாம் ஒரே பொட்டலாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அரிசோனாவில் மாநில அறக்கட்டளை நிலத்தில் தங்கத் தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நில உரிமையை நிறம் பிரித்துக் காட்டும் ‘ஆன்எக்ஸ்’, ‘கையா’ போன்ற செயலிகள் இங்கே உண்மையிலேயே உதவும். வரைபடம் பார்த்த பிறகு அந்த வட்டார ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். “செடான் காரில் வருகிறேன், குழந்தைகள் உண்டு, எந்தச் சாலை சரியாக இருக்கும்?” என்று கேளுங்கள். நான் கூப்பிட்ட போதெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். எந்த ஓடையில் மண் அரித்திருக்கிறது என்பதுவரை எந்தச் செயலியிலும் இல்லாத தகவல் அவர்களிடம் இருக்கும்.

காட்டுச்சாலை முனையில் நடப்பட்டிருக்கும் எண் பலகையையும் கவனியுங்கள். எண் படுக்கை வசத்தில் எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகும் சாலை. மெல்லிய கம்பத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கினால், தரைக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி உள்ள வண்டிதான் அதில் போக வேண்டும். வாடகைக் கார் என்றால் அதற்கும் முன்னால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்றே எழுதியிருக்கும். காட்டுக்குள் சிக்கிய காரை இழுத்து வர ஆகும் செலவில் நாலு நாள் நல்ல ஹோட்டலில் தங்கிவிடலாம்.

ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இருக்கும் மேதர் முகாமுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்து, சீசனில் உடனே நிரம்பிவிடும். பூங்கா வாசலுக்கு வெளியே டுசாயன் என்ற சின்ன ஊர். அதைத் தாண்டினால் கைபாப் தேசியக் காடு. ஊருக்குக் கிழக்கே 302ஆம் எண் காட்டுச்சாலையில் திரும்பினால் பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே, ஏற்கெனவே யாரோ தங்கிக் கெட்டிப்பட்ட தரையும் தீ மூட்டிய கல் வளையமும் உள்ள இடங்கள் வரிசையாக வரும். காலையில் எழுந்து காரை எடுத்தால் சிறிது நேரத்தில் விளிம்பில் நிற்கலாம். வெயில் ஏறிய மத்தியானத்தில் அந்தப் பைன் மரப்பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா வாசனை அடிக்கும். செப்டம்பரில் போனால் எல்க் மான்கள் ராத்திரி முழுக்கத் தூங்க விடாது. அவ்வளவு பெரிய மிருகத்திடமிருந்து துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் கீச்சுக்குரல் வரும், முதல் தடவை கேட்டால் வேறு ஏதோ என்று நினைத்துப் பயந்துபோவீர்கள்.

எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஏற்கெனவே புழங்கிய இடத்திலேயே தங்குங்கள், புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்காதீர்கள். டென்ட்டுக்கு மேலே பட்டுப்போன மரமோ தொங்கும் கிளையோ இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது முக்கியம். ஓடை, ஏரியிலிருந்து 200 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அரிசோனாவில் கால்நடையும் காட்டு மிருகமும் தண்ணீர் குடிக்கும் தொட்டி, குட்டைகளிலிருந்து கால் மைல் தள்ளியே தங்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் தாகத்தோடு வரும் மிருகம் கிட்டே வராது. வழியில் மாட்டுவேலிக் கதவு வந்தால், மூடியிருந்தால் திறந்து போய் மறுபடி மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர்வரை மழைக்காலம். அப்போது வறண்ட ஓடை மணலில் மட்டும் டென்ட் போடவே போடாதீர்கள். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும், எங்கோ மலையில் பெய்த மழை காட்டாறாக வந்து நிற்கும்.

கழிப்பறை பற்றி எல்லோரும் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் குடும்பத்தோடு போகும்போது பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அதில்தான். ஒரு சின்ன மண்வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, பெரியவர் நடையில் எழுபது தப்படி, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழக் குழி, முடிந்ததும் மூடிவிட வேண்டும். பயன்படுத்திய தாளைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். நம் ஆட்களுக்குத் தண்ணீர் பாட்டில் போதும், அது இங்கே நல்லதே. யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் குழி தோண்டுவதுகூடக் கூடாது, கையோடு கொண்டுபோகும் கழிப்பறை அல்லது பை கட்டாயம். பெண்களும் குழந்தைகளும் வரும்போது மடக்குக் கழிப்பறையும், அதைச் சுற்றி நிறுத்தும் சின்ன மறைப்பு டென்ட்டும் வாங்கிவிடுங்கள். என் வீட்டில் அது வந்த பிறகுதான் “மறுபடி எப்போ போறோம்?” என்ற கேள்வியே வந்தது.

தண்ணீர் முழுக்க நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்று எல்லோரும் சொல்வார்கள், சோறு வடித்துச் சாம்பார் வைத்துப் பாத்திரம் கழுவும் நமக்கு அது பற்றாது. 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு சீக்கிரத்தில் வேகாது. பழைய குக்கர் ஒன்று கொண்டுபோனால் எரிவாயுவும் மிச்சம். முதல் ராத்திரிக்குப் புளியோதரையே உத்தமம். கழுவிய தண்ணீரில் மிதக்கும் பருக்கைகளை வடிகட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரைத் தள்ளிப்போய் வீசி ஊற்றுங்கள். உணவு, பற்பசை, வாசனைச் சோப்பு எதையும் டென்ட்டுக்குள் வைக்கக் கூடாது. கரடி உள்ள ஊர்களில் காருக்குள் வைத்தாலே போதுமா, கரடியால் திறக்க முடியாத பெட்டி வேண்டுமா என்பது காட்டுக்குக் காடு மாறும், அதையும் ரேஞ்சரிடமே கேளுங்கள்.

இனி தீ. நான் கோடையில் கட்டையே எரிப்பதில்லை. காரணம் சொல்கிறேன். 2011 மே மாதக் கடைசியில், அரிசோனாவின் கிழக்கு மலையில் முகாமிட்ட இரண்டு பேர், காலையில் தீ அணைந்துவிட்டது என்று நினைத்து நடக்கப் போனார்கள். கிளம்பும் முன் வளையத்துக்குள் போட்ட மிட்டாய்த் தாள் உருகவில்லையாம், அதுதான் அவர்கள் செய்த சோதனை. காற்று கிளம்பியது. அந்த ‘வாலோ’ தீயில் 5,38,000 ஏக்கர் எரிந்தது. மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீ. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் அணைந்ததாகக் கணக்கு. தடை அறிவிப்பில் இரண்டு நிலை உண்டு. முதல் நிலையில் கல் வளையத்துத் தீ கூடாது, எரிவாயு அடுப்பு வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நிலையில் இன்னும் கடுமை. 2021 ஜூனில் வறட்சி முற்றியபோது கொகொனினோ, கைபாப் காடுகளையே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். கிளம்பும் நாள் காலையில் அந்தக் காட்டின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியா என்றால் இப்படித் தங்கும்போது எரிவாயு அடுப்புக்குக்கூட ஒரு இலவச அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும்.

நம் ஆட்களிடம் இன்னொரு பழக்கம், பத்துப் பன்னிரண்டு குடும்பமாகக் கிளம்புவது. 75 பேரைத் தொட்டால் தேசியக் காட்டில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் கீழே தடை இல்லை, ஆனால் இருபது டென்ட் தாங்கும் இடம் காட்டில் கிடைப்பது அரிது. ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போட்டால் ஒரு மைலுக்குக் கேட்கும். மூன்று குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

பயமாக இல்லையா என்று கேட்டீர்கள். மிருகத்தைவிடத் துப்பாக்கிச் சத்தம்தான் முதலில் திடுக்கிட வைக்கும். இந்த நிலங்களில் பல இடங்களில் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவது சட்டப்படி சரி, இலையுதிர் காலத்தில் வேட்டையும் நடக்கும். அந்தச் சமயத்தில் ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ எல்லோருக்கும் போட்டுவிடுங்கள். பக்கத்து முகாம்காரர் சரியில்லை என்று மனதுக்குப் பட்டால் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள், கட்டணம் கட்டாததில் அந்தச் சுதந்திரம் இருக்கிறது. ஐஃபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பலாம். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

முதல் தடவை என்றால் கட்டண முகாம் ஒன்றுக்கு அரைமணி தூரத்துக்குள் இருக்கும் இலவச இடமாகப் பாருங்கள். பூங்காவை ஒட்டிய இடங்களைத் தவிர்த்து, வாரநாளில் ஒரே ஒரு ராத்திரி போதும். இடம் கிடைக்கவில்லை, குழந்தை அழுகிறது, காற்று தாங்கவில்லை என்றால் அந்தக் கட்டண முகாமுக்குப் போய்விடலாம். மாநிலம் எது, கார் எது என்று கருத்தில் எழுதுங்கள், எந்தக் காட்டின் வரைபடத்தை இறக்க வேண்டும் என்று சொல்கிறேன்.