மாறியது யார்?

கேள்வி: பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் 'யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ' பாட்டைப் பல வருஷமாக உருகி உருகிக் கேட்டு வந்தேன். அது ஓர் இத்தாலியப் பாட்டின் காப்பி என்று இப்போதுதான் தெரிந்தது. இதையா கிளாசிக் என்று கொண்டாடுகிறீர்கள்?
- மதுரை வாசகர்

பதில்: 'காப்பி' என்ற வார்த்தையை முதலில் வாபஸ் வாங்குங்கள். மெட்டுப் போட்ட பினோ டொனாஜியோ, இத்தாலிய வரிகளை எழுதிய வீட்டோ பல்லவிச்சினி இருவர் பெயரும் இந்த ஆங்கிலப் பாட்டுக்கு உரியவர்கள் வரிசையில் இருக்கின்றன. யாரும் எதையும் மறைக்கவில்லை.

1965-இல் இத்தாலியின் சான்ரேமோ பாட்டு விழாவுக்கு டஸ்டியும் போட்டியாளராகப் போயிருந்தார். அங்கே டொனாஜியோ பாடியதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார். அப்போதெல்லாம் அந்த விழாவில் ஒரே பாட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பாடுவார்கள். இதையே ஜோடி மில்லர் என்ற அமெரிக்கப் பாடகியும் பாடினார். ஆக, பிறந்த மேடையிலேயே இரண்டு குரல் கண்ட பாட்டு இது.

சரி, வரிகளுக்கு வருவோம். 'நீ இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் தரிக்காத நான்' என்பதுதான் இத்தாலியப் பல்லவி. அதில் காதலி இன்னும் பக்கத்திலேயே இருக்கிறாள். முகம் வாடியிருக்கிறது. 'நீ மாறிவருகிறாய்' என்று சொல்லிவிட்டுப் போகப் போகிறாளோ என்று அவன் பயப்படுகிறான். ஆங்கிலத்திலோ பிரிவு நடந்தே முடிந்துவிட்டது. என்றும் இருப்பேன் என்றவன் போய்விட்டான். மாறியது நானில்லை, நீதான் என்கிறாள் அவள். காதலிப்பதாகச் சொல்லக்கூட வேண்டாம், பக்கத்தில் இரு, போதும் என்று இறங்கி வருகிறாள். அவன் பயந்ததற்கு ஒரு வருஷம் கழித்து வந்த பதில் மாதிரி இருக்கிறது, இல்லையா? இத்தனைக்கும் ஆங்கில வரிகளை எழுதிய விக்கி விக்கம், சைமன் நேப்பியர்-பெல் இருவருக்கும் இத்தாலிய மொழி தெரியாது. பாட்டெழுதிப் பழக்கமும் கிடையாது. ஒரு ராத்திரி, வீட்டில் தொடங்கி, டாக்ஸியில் போய்க்கொண்டே எழுதி முடித்தார்கள்.

அப்புறம், டஸ்டி பட்ட பாட்டையும் பாருங்கள். லண்டன் ஸ்டூடியோவில் பதிவானபோது தன் குரலின் எதிரொலி அவருக்குத் திருப்தியாக இல்லை. கடைசியில் மாடிப்படியில் மைக்கைத் தொங்கவிட்டு, படியில் நின்று பாடினார். 47 டேக் போனதாகச் சொல்வார்கள். பாட்டு 1966-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் நான்காம் இடம். 1970-இல் எல்விஸ் பிரெஸ்லியும் பாடினார். அவர் குரலில் கம்பீரம் உண்டு, அந்தக் கெஞ்சல் இல்லை.

டொனாஜியோ பாடியதும் எனக்கு உயிர். இன்று ராத்திரி அதை முதலில் போடுங்கள், அடுத்து டஸ்டியை. 'மாறியது நீதான்' என்ற இடம் வரும்போது அந்த மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் காப்பி என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.