யூபோனியத்துக்கா, நாற்காலிக்கா?

யூபோனியம் என்கிற பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஓர் இசைக் கல்லூரியின் பிராஸ், அதாவது பித்தளை வாத்தியப் பிரிவுப் பேராசிரியர் இவருடைய வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானாகவே மின்னஞ்சல் போட்டிருக்கிறாராம். முதுகலைக்கு வாருங்கள், முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள் என்று. இதை நம்பலாமா, குளிருக்கு எத்தனை உடை எடுத்து வருவது, அறையைப் பங்கு போட ஆள் கிடைக்குமா, வெளியே வாசித்துச் சம்பாதிக்க முடியுமா என்று நான்கு கேள்வி.

குளிர் உடை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அறை எப்படியும் கிடைக்கும். மற்ற இரண்டுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே மாதிரி ஒரு மின்னஞ்சல் வந்தது, தம்பி. நான் அனுப்பியது வீடியோ அல்ல, சிடி. மற்றபடி எல்லாம் அதேதான். நானும் யூபோனியம்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மின்னஞ்சல் மோசடியாக இருக்காது. பிராஸ் ஆசிரியர்கள் ஆள் தேடி வலை வீசுவது இங்கே சாதாரணம். ஏன் வீசுகிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளை வரிசையில் பொதுவாக நான்கு ஹார்ன், இரண்டோ மூன்றோ டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரே ஒரு டியூபா. கல்லூரிக்கு ஆர்கெஸ்ட்ரா நடக்க வேண்டும். அந்த ஒரே டியூபாக்காரர் மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பினால், ஆகஸ்டுக்குள் இன்னொருவரை உட்கார வைத்தாக வேண்டும். ஸ்காலர்ஷிப் பணத்தில் பெரும்பகுதி அப்படிக் காலியாகிற நாற்காலிகளைப் பார்த்துத்தான் நகரும். நீங்கள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்பதற்கும் இடம் உண்டு. ஆனால் அது இரண்டாவது கேள்வி.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. இப்போது நானே ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பிப்ரவரியில் ஆடிஷன் நடக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். எங்கள் முன்னால் ஒரு தாள் இருக்கும், இந்த வருடம் யார் யார் போகிறார்கள் என்று. ஒரு வருடம் ஒரு பெண் ஹார்னில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் முதல் கான்செர்ட்டோவை வாசித்தாள். அறையே அமைதியாகிவிட்டது. ஆனால் ஹார்ன் வரிசை அந்த வருடம் நிறைந்திருந்தது. அவளுக்குக் கிடைத்த ஸ்காலர்ஷிப் பாதிக் கட்டணத்துக்குக்கூட வரவில்லை. அடுத்து வந்த பேஸ் டிராம்போன் பையன் சுமார்தான். தாளத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினான். அவனுக்கு முழுக் கட்டணமும் கொடுத்தோம். வெளியே வந்ததும் அவன் வீட்டுக்குப் போன் செய்து, திறமைக்குக் கிடைத்தது என்று சொல்லியிருப்பான். பாவம், வேறென்ன சொல்வான்.

இன்னொரு பக்கமும் உண்டு. என்னைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்களுக்கு மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் சம்பளம். மாணவர் குறைந்தால் எனக்குச் சம்பளம் தரும் பாட நேரம் குறையும். அதனால் ஒருவர் "வாருங்கள், வாருங்கள்" என்று அழைத்தால், அதில் எத்தனை பங்கு உங்களுக்காக, எத்தனை பங்கு அவருடைய பாட நேரத்துக்காக என்று கொஞ்சம் யோசியுங்கள். இதைச் சொல்வதால் சக ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

இதில் உங்களுக்கான விஷயம் என்னவென்றால், அந்தப் பித்தளை வரிசையில் யூபோனியத்துக்கு நாற்காலியே கிடையாது. ஹோல்ஸ்டின் 'தி பிளானெட்ஸ்' போல, ஸ்ட்ராஸின் 'டான் கிஹோட்டே' போல எப்போதாவது டெனர் டியூபா என்று எழுதியிருக்கும், அதை யூபோனியத்தில் வாசிப்பார்கள். அன்றைக்கு மட்டும் யாரையாவது கூப்பிடுவார்கள். மற்றபடி ஊதுவாத்தியக் குழுவான விண்ட் பேண்டுதான் நம் இடம். சம்பளத்தோடு யூபோனியம் வாசிக்கும் வேலை இந்த நாட்டில் பெரும்பாலும் ராணுவ இசைக்குழுக்களில்தான். வாஷிங்டனில் இருக்கிற பெரிய குழுக்களுக்குக் குடியுரிமை வேண்டும். மாணவர் விசாவில் வருகிற நமக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். அதனால் ஒரு இசைக் கல்லூரி யூபோனியக்காரரைத் தேடி வந்து முழு ஸ்காலர்ஷிப் என்று சொன்னால், என் முதல் சந்தேகம் அவர்களுக்கு வேண்டியது யூபோனியம்தானா என்பது.

எனக்கு நடந்தது அதுதான். வந்து இறங்கிய மூன்றாம் நாள் பேராசிரியர் அறைக்குள் போனேன். யூபோனியம் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. மூலையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தார். கைப்பிடி உடைந்து டேப் சுற்றியிருந்தது. உள்ளே கல்லூரிக்குச் சொந்தமான பேஸ் டிராம்போன். "உங்கள் காற்று இதற்குப் பொருத்தமாக இருக்கும்" என்றார். அவ்வளவுதான். மின்னஞ்சலில் இது ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த வருடம் அவர்களிடம் பேஸ் டிராம்போன் ஆள் இல்லை என்பது செப்டம்பரில்தான் எனக்குப் புரிந்தது.

பேஸ் டிராம்போனைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். முழுப் பாரமும் இடது கையில். அதே கையின் கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு வால்வை இயக்க வேண்டும். வலது கை ஸ்லைடை ஏழு இடங்களுக்கு நகர்த்தும். அந்த இடங்களுக்குக் கோடும் கிடையாது, குறியும் கிடையாது, காதுதான் துணை. மூன்று வால்வை அழுத்திச் சுரம் பிடித்துப் பழகியவனுக்கு இது நடுவயதில் சைக்கிள் கற்றுக்கொள்வது மாதிரி. முதல் மாதம் இடது மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அதைவிடப் பெரிய அடி எழுத்தில் விழுந்தது. நான் கற்றது பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு முறை. அதில் யூபோனியத்துக்கு ட்ரெபிள் கிளெஃபில்தான் எழுதியிருக்கும். எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று சொல்லும் குறிதான் கிளெஃப். ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் டிராம்போனுக்குப் பேஸ் கிளெஃப். ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதி வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். பேராசிரியர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மேசையிலிருந்து ரப்பரை எடுத்து நான்கு பக்கத்தையும் அழித்துவிட்டு, துகளை ஊதிவிட்டு, தாளைத் திரும்ப ஸ்டாண்டில் வைத்தார். அன்று நான் வாசித்ததைக் கேட்டு இரண்டாம் டிராம்போன் பையன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ஆனால் மூன்று வாரம் கழித்து டிராம்போன் வகுப்பில் டெனர் கிளெஃபில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் முனகினார்கள். எனக்கு மட்டும் தாள் தெளிவாகத் தெரிந்தது. நம் ட்ரெபிள் கிளெஃபில் ஒரு சுரம் எந்தக் கோட்டில் உட்காருமோ, டெனர் கிளெஃபிலும் அது அதே கோட்டில்தான் உட்காரும். சுரத்தை அரைப்படி இறக்கும் ஃப்ளாட் குறிகளில் இரண்டைக் கழித்துக்கொண்டால் போதும். முதல் முறையிலேயே கடைசிவரை வாசித்தேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் எவ்வளவோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன், அந்தத் திரும்பல் மாதிரி ஒன்று வரவில்லை. பழைய படிப்பை மறந்தால்தான் இங்கே ஒட்ட முடியும் என்று சில பேர் உபதேசம் செய்வார்கள். கேட்காதீர்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். "முழு ஸ்காலர்ஷிப்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் முழுக் கல்விக் கட்டணம் என்று பொருள். தங்குவது, சாப்பிடுவது, கட்டாய மருத்துவக் காப்பீடு, இதரக் கட்டணங்கள் எல்லாம் வேறு. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் வாழ்க்கைச் செலவு தனி வரியாக இருக்கும். அந்த வரியை வாசியுங்கள். ஒரு வருடச் செலவுக்குப் பணம் காட்டினால்தான் படிவமே வரும். நான் உறவினர் ஒருவரின் கையெழுத்தைக் காட்டிவிட்டு, அது காகிதச் சடங்கு என்று நினைத்தேன். முதல் ஐந்து வாரம் சீனியர் ஒருவருடைய சோபாவில் படுத்தேன். சோபா என்னைவிட அரை அடி குட்டை. தங்குவதற்கும் சேர்த்துப் பணம் தந்தால் அந்தப் பகுதிக்கு வரி உண்டு, கையில் வருவதற்கு முன்பே பிடிப்பார்கள். ஸ்காலர்ஷிப் இத்தனை டாலர் என்று நிலையான தொகையா, கட்டணத்தில் இத்தனை சதவீதமா என்றும் கேளுங்கள். கட்டணம் வருடா வருடம் ஏறும், தொகை அப்படியே நிற்கும். அடுத்த வருடம் தொடர என்ன நிபந்தனை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிலடெல்பியாவில் கர்டிஸ் என்று ஒரு கல்விக்கூடம் இருக்கிறது. 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. யேல் இசைப் பள்ளியும் 2005-இல் வந்த ஒரு பெரிய நன்கொடைக்குப் பிறகு கட்டணத்தை எடுத்துவிட்டது. அந்த மாதிரி இடங்களுக்குப் போட்டி கழுத்தை நெரிக்கும். கர்டிஸ் எடுப்பதும் ஏறக்குறைய ஓர் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தேவையான ஆட்களைத்தான். அங்கேயும் நாற்காலிக் கணக்குதான், என்ன, கொஞ்சம் நல்ல நாற்காலி.

ஒரு வாரத்தில் பதில் சொல் என்று நெருக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. முதுகலை நிதியுதவிக்கு ஏப்ரல் 15 வரை மாணவர் யோசிக்கலாம் என்று இங்கே ஏராளமான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தக் கல்லூரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள். பறித்தால் அது போக வேண்டிய இடமே இல்லை.

அப்புறம் வெளியே வாசித்துச் சம்பாதிப்பது. தனி அனுமதி இல்லாமல் முடியாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள். ஈஸ்டர் வந்தால் பிராஸ் ஆட்களுக்குத் தேவாலயங்களிலிருந்து அழைப்பு குவியும், உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். கூட வாசிக்கிற உள்ளூர்ப் பையன்கள் "ஒரு காலைதானே" என்பார்கள். அவர்களுக்கு ஒரு காலை. உங்களுக்கு அது அனுமதியில்லாத வேலை. எனக்குத் தெரிந்த டிரம்பெட்காரர் ஒருவர் இரண்டு வருடம் இப்படி வாசித்தார். பின்னால் வேறு விசாவுக்கு விண்ணப்பித்தபோது அவருடைய பெயர் போட்ட ஒரு நிகழ்ச்சிச் சுவரொட்டியையே நீட்டிக் கேட்டார்கள்.

நான் செய்த வளாக வேலை என்ன தெரியுமா? ஒத்திகைக் கூடத்தில் நாற்காலி போடுவது. மாலை ஐந்தரைக்கு வந்து ஸ்டாண்டுகளை விரித்து, வரிசைக்கு இத்தனை என்று எண்ணிப் போட வேண்டும். கடைசியாக என் நாற்காலியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்து வாசிப்பேன். பிராம்ஸின் முதல் சிம்பொனி போட்ட வாரம் நன்றாக நினைவிருக்கிறது. டிராம்போன்களுக்கு முதல் மூன்று பகுதியிலும் வேலை இல்லை. நாலாவதில் திடீரென்று மெல்லிய குரலில், தேவாலயப் பாட்டு மாதிரி ஒரு கோரல். அரை மணி நேரம் சும்மா இருந்து குளிர்ந்துபோன உலோகத்தில், சுருதி இறங்கிவிடாமல், மெதுவாக. நான் போட்ட அறுபது நாற்காலியும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

படிப்பு முடிந்தால் ஓபிடி என்று பன்னிரண்டு மாதம் வேலை செய்ய அனுமதி. கம்ப்யூட்டர் படித்து வந்த நம்மவர்கள் "மூன்று வருடம் கிடைக்குமே" என்று தைரியம் சொல்வார்கள். அது அவர்களுக்கு. அந்தக் கூடுதல் இருபத்து நான்கு மாதம் இசைக்குக் கிடையாது. இவர்களே விருந்துகளில் "சரி, வேலைக்கு என்ன செய்கிறீர்கள்?" என்றும் கேட்பார்கள். பத்து வருடம் பொறுமையாகப் பதில் சொன்னேன். இப்போது "நாற்காலி போடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். இங்கே படித்தவர்களில் இன்னொரு ரகம், மேடையில் கறுப்புக் கோட்டோடு எடுத்த படங்களை மட்டும் காட்டி, சோபாவைப் பற்றி மூச்சுவிடாதவர்கள். உங்களுக்கு அந்தப் பேராசிரியரின் பழைய மாணவர் எண் யாராவது கொடுத்தால், படம் போடாதவரைக் கூப்பிடுங்கள்.

நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்பீர்கள். பேஸ் டிராம்போன் எனக்குச் சோறு போட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு மூன்று ஆர்கெஸ்ட்ராக்களில் ஆள் குறைந்தால் கூப்பிடுகிறார்கள். ஆனால் நான்கு வருடம் முன்பு ஒன்றில் 'தி பிளானெட்ஸ்' போட்டார்கள். டெனர் டியூபாவுக்கு வர வேண்டியவர் நோய்வாய்ப்பட்டார். மேலாளர் பின்வரிசையைப் பார்த்து, யாராவது யூபோனியம் வாசிப்பீர்களா என்றார். அன்று ராத்திரி பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது வால்வு கல்லாக இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, துணி சுற்றி, ஒரு மணிக்குத்தான் அசைந்தது. மறுநாள் அதன் 'செவ்வாய்' பகுதியில் டெனர் டியூபாவின் அழைப்பு வரும் இடத்தில் விரல்கள் என்னைக் கேட்காமலே போய் உட்கார்ந்தன.

உங்கள் பேராசிரியருக்கு இன்றே எழுதுங்கள், தம்பி. யூபோனியத்துக்கா, வேறு வாத்தியத்துக்கா? ஆர்கெஸ்ட்ராவில் மே மாதம் யார் போகிறார்கள்? என்ன பதில் வந்தாலும் எனக்கும் அனுப்புங்கள். மாறச் சொன்னால், வருவதற்கு முன் பேஸ் கிளெஃப் பழகிவிடுங்கள். பென்சிலில் எழுதாமல்.