ஆடியோ, வீடியோவோடு மின்னூல் செய்வது எப்படி: கேள்வி பதில்

மின்னூலில் ஒலியும் படமும் சேர்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் பக்கத்துத் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டெல்லாம் தொகுத்து வைத்திருக்கிறேன், பாடிய பாட்டிமார் குரலும் பதிவாக இருக்கிறது. பிடிஎஃப்பா, இபப்பா?

இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம்தான். பிடிஎஃப்பிலும் ஆடியோ வைக்கலாம், ஆனால் போனில் திறந்தால் பல செயலிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரியும் மடியாது. இபப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஜிப் செய்த ஒரு சின்ன வலைத்தளம். 2011இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்5இன் ஆடியோ, வீடியோ குறிகள் அதில் அப்படியே செல்லும். பாட்டுக்கு மேலே பிளேயர், அடியில் பாடியவர், ஊர், எந்த வேலைக்கு நடுவே பாடுவது என்ற குறிப்பு, இவ்வளவு போதும். தானாக மட்டும் ஓட விடாதீர்கள். பஸ்ஸில் பக்கம் திருப்பியதும் ஒப்பாரி கிளம்பினால் படிப்பவர் கதி என்ன!

கேள்வி: ஃபைல் பயங்கரமாக வீங்குகிறது. எப்படிக் குறைப்பது?

தனிக்குரலுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் (வினாடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 போதும், ஒரு மணி நேரம் ஏறக்குறைய 29 எம்பி வரும். இசைக் கச்சேரி என்றால் ஸ்டீரியோ 128, அதற்கு இரட்டிப்பு. வீடியோதான் ஆளை விழுங்கும்: 1 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 1 மெகாபிட்) வைத்தாலே ஐந்து நிமிடத்துக்கு 38 எம்பி பக்கம் போய்விடும். வீடியோவைச் சர்வரில் வைத்து நூலிலிருந்து இழுக்கவும் தரநிர்ணயம் இடம் தருகிறது, ஆனால் நாளை அந்த சர்வருக்குப் பணம் கட்டாமல் விட்டால் நூல் ஊமையாகிவிடும், அதனால் ஆடியோவை எப்போதும் உள்ளேயே வையுங்கள். சுருக்காத மூலப் பதிவைத் தனியாகப் பத்திரப்படுத்தவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கிண்டிலில் வீடியோ ஓடுமா சார்?

காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரையில் ஓடாது. வீடியோ இருக்கும் இடத்தில் ஒரு நல்ல ஸ்டில் படமும், அதில் நடப்பதை நாலு வரியில் சொல்லும் பத்தியும் இருக்கட்டும். ஆடியோ, வீடியோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் நூல் இன்னும் எழுதி முடியவில்லை.

கேள்வி: சிறுவர் கதை. குரல் வாசிக்க வாசிக்க அந்தந்தச் சொல் வண்ணத்தில் மின்ன வேண்டும். முடியுமா?

முடியும். மீடியா ஓவர்லே என்று பெயர். ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் ஒரு ஐடி கொடுத்து, அந்த ஐடிக்கு ஆடியோவில் எந்த வினாடியிலிருந்து எந்த வினாடி வரை என்று ஸ்மில் என்ற ஃபைலில் எழுத வேண்டும். நேரம் குறிக்க ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் லேபிள் டிராக் இருக்கிறது, குறித்ததை டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுக்கலாம், அதை ஸ்மிலாக மாற்ற ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும்.

ஆனால் சொல் சொல்லாக வேண்டாம் என்பதுதான் என் கட்சி. "வந்து விட்டான் என்று" என மூன்றாக எழுதியிருப்போம், வாசிப்பவர் வாயில் அது "வந்துவிட்டானென்று" என ஒரே மூச்சில் வரும், எங்கே வெட்டுவது? வெட்டினாலும் வண்ணம் பதறிக்கொண்டு ஓடும், குழந்தையின் கண் பின்தொடராது. மூச்சு விடும் இடம் பார்த்து மூன்று நான்கு சொற்களாகப் பிரியுங்கள். இன்னொன்று, மின்னும்போது எழுத்தைத் தடிமனாக்காதீர்கள், அகலம் கூடி வரி மடிந்து பக்கமே குதிக்கும். பின்னணி நிறம் மட்டும் மாறட்டும். முடித்ததும் ஆப்பிள் புக்ஸிலும் தோரியம் ரீடரிலும் ஓட்டிப் பாருங்கள், தோரியம் இலவசம்தான்.

கேள்வி: பழைய பாட்டுதானே, அப்படியே சேர்த்துக்கொள்ளலாம் இல்லையா?

அவசரப்படாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. பாட்டுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, அது எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1960இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை முடிந்துவிட்டது, ஆனால் அதில் இருப்பது பாபநாசம் சிவன் பாட்டு என்றால் அவர் 1973இல் மறைந்தார், 2033 முடியும் வரை அனுமதி வேண்டும். பாரதி பாட்டில் இது தலைகீழ். வரிக்குத் தடையே இல்லை, ஆனால் போன வருடம் ஒருவர் மெட்டுப் போட்டுப் பாடி வெளியிட்ட பதிவு அவருடையது. நீங்களே ஒருவரைப் பாட வைத்தாலும் இரண்டு வரியில் எழுத்துச் சம்மதம் வாங்கிவிடுங்கள், பாட்டிமாரிடமும்தான்.

கேள்வி: பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது.

பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய உரை என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தேடவும் முடியாது, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானும் உளறும்.

கேள்வி: காது கேளாதவர்களுக்கு வீடியோவில் என்ன செய்வது?

வெப்விடிடி என்ற வசன ஃபைலைச் சேர்க்கலாம். எல்லாச் செயலியும் அதைக் காட்டுவதில்லை என்பதால் பேச்சு முழுவதையும் வீடியோவுக்குக் கீழேயே எழுத்தாகவும் கொடுத்துவிடுங்கள். அப்புறம், வெளியிடும் முன் இபப்பில் பிழை தேடும் இபப்செக் கருவியை ஓட்டாமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.