வாசகர் கேள்வி பதில்: வீடு திரும்பாத விமானி

கேள்வி: ஐயா, விமானப்படைத் தளத்துக்கு அருகில் குடியிருப்பதால் போர் விமானங்களின் இரைச்சல் எங்களுக்குப் பழகிவிட்டது. 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில் காணாமல் போன இந்திய விமானி விஜய் வசந்த் தாம்பேயைப் பற்றி அண்மையில் படித்தேன். விமானம் எங்கே வீழ்ந்தது என்பது தெரிந்திருந்தும், அதை ஓட்டியவரின் கதி இன்றுவரை தெரியாமல் இருப்பது எப்படி?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, தரையில் போரிடும் வீரர் வீழ்ந்தால் பெரும்பாலும் அருகில் இருந்த தோழர் யாராவது பார்த்திருப்பார். விமானியின் நிலை வேறு. தாம்பே ஓட்டிச் சென்ற சுகோய் 7, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சோவியத் தயாரிப்பு. எதிரியின் விமானத் தளத்தைத் தாக்கத் தாழ்வாகவும் மிக விரைவாகவும் பறக்கும்போது, உடன் பறப்பவருக்குத் தம் விமானத்தைக் காப்பதே பெரும்பாடு. அடிபட்ட விமானத்திலிருந்து வான்குடை விரிந்ததா, அதில் குதித்தவர் உயிரோடு தரையிறங்கினாரா என்பதை அந்தச் சில நொடிகளில் அவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால், அதற்குப் பிறகு நடந்ததை அறிந்தவர்கள் எதிரி நாட்டினர் மட்டுமே.

1971 டிசம்பர் 5ஆம் நாள் பாகிஸ்தானின் ஷோர்கோட் சாலை விமானத் தளத்தைத் தாக்கச் சென்ற தாம்பே திரும்பவில்லை. போரின் அந்தத் தொடக்க நாள்களிலேயே பாகிஸ்தான் நாளேடு ஒன்று, ஐந்து இந்திய விமானிகள் உயிருடன் பிடிபட்டதாகச் செய்தி வெளியிட்டது; அதில் அவருடைய பெயரை ஒத்த ஒரு பெயரும் இருந்தது. குடும்பத்தாரின் நம்பிக்கைக்கு வேர் அந்தச் செய்திதான். போர்க்காலத்து நாளேட்டுச் செய்தியை முழுச் சான்றாக நான் கொள்ளமாட்டேன். ஆயினும் யார் பிடிபட்டார், எந்த முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்று பெயர் சொல்லிக் கேட்பதற்கு அது போதுமான ஆதாரம். டாக்காவில் சரணடைந்தோர் உட்பட ஏறத்தாழ 93,000 பாகிஸ்தானியர் போர் முடிந்தபோது இந்தியாவின் காவலில் இருந்தனர். அத்தனை பேரை விடுவித்த அரசு, தன் வீரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் விடை பெறாமல் அந்தக் கணக்கை முடித்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அதன்பின் நடந்தவை மனத்தை வருத்துபவை. காணாமல் போன இந்திய வீரர்கள் 54 பேர் என்ற எண்ணிக்கை நெடுங்காலம் பேசப்பட்டது. 1983இல் உறவினர் சிலர் முல்தான் சிறைக்கும், 2007இல் மற்றொரு குழுவினர் பாகிஸ்தானின் பல சிறைகளுக்கும் சென்று, தேடிய முகங்களைக் காணாமல் திரும்பினர். அப்படி எவரும் தங்கள் காவலில் இல்லை என்பதே பாகிஸ்தானின் தொடர்ந்த நிலைப்பாடு. அந்த மறுப்பு உண்மையாகவே இருந்தாலும், 1971 டிசம்பரில் அந்த விமானிக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

அவருடைய மனைவி தமயந்தி தாம்பேயைப் பூப்பந்து ரசிகர்களான பினாங்கு மக்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் தேசிய வாகையர் பட்டத்தை மும்முறை வென்று அர்ஜுனா விருது பெற்றவர். மணமாகி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் கணவரைப் போருக்கு அனுப்பிய அவர், பின்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கேள்வி: ஏழு ஆண்டுகள் செய்தி இல்லையென்றால் ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்று சட்டமே சொல்கிறதே, பிறகு ஏன் ஆயுள் முழுதும் காத்திருக்க வேண்டும்?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அவ்வாறு கூறுவது உண்மைதான், இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விதி இருந்தது. ஆனால் அது சொத்தும் உரிமையும் முடங்கிவிடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஒருவர் எங்கே, எந்த நாளில், எப்படி இறந்தார் என்பதை அது சொல்வதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களின் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செபராங் பிறைத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த என் பெரிய பாட்டியின் கணவரும் அவ்வாறு போனவரே. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்டும் வழக்கம் உண்டு என்று ஊர்ப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னபோது, "அவர் கண்ணை மூடியதை உங்களில் யார் பார்த்தீர்கள்?" என்று பாட்டி கேட்டாராம். பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லாததால் அவர் கழுத்துத் தாலியைக் கழற்றவில்லை. நான் சிறுவனாக இருந்தபோதும் அது அவர் கழுத்தில் இருந்தது.