விலை மாறாத ரொட்டி – கடிதம்

வணக்கம்.

லண்டனில் ஒரு தொடக்கப்பள்ளியில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். டியூடர் மன்னர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தைப் (1485–1603) பற்றிய பாடத்துக்காக ஒரு பக்கம் மாளிகை, மறுபக்கம் குடிசை என்று படம் ஒட்டினேன். “ஐயோ பாவம்” என்றார்கள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. மேலே எப்படிக் கொண்டுபோவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாளிகைக்கும் குடிசைக்கும் என்ன தொடர்பு என்பது அந்தப் படங்களில் இல்லையே, பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? ரொட்டியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

அன்றைய இங்கிலாந்தில் பென்னி ரொட்டி எப்போதும் ஒரு பென்னிதான். கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை குறையும், சட்டமே அப்படி. அதே காசுக்குத் தவிட்டு ரொட்டி வாங்கினால் வெள்ளை ரொட்டியைப் போல இரண்டு மடங்கு எடை கிடைக்கும்.

களிமண்ணில் இரண்டையும் செய்யுங்கள்: வெள்ளை 200 கிராம், தவிடு 400 கிராம். (விகிதம்தான் வரலாறு, கிராம் கணக்கு வகுப்புக்காக.) எட்டாம் ஹென்றி மன்னரின் தொடக்க ஆண்டுகளில் கூலியாளுக்கு நாளுக்கு சுமார் 4 பென்னி. ஞாயிறு கூலி கிடையாது. ஆக வாரத்துக்கு 24. ஐந்து பேர் குடும்பத்துக்குத் தினம் 800 கிராம் ‘ரொட்டி’ என்று வையுங்கள். தவிட்டு ரொட்டி என்றால் வாரத்துக்கு 14 பென்னி. மிச்சம் 10.

இப்போது 1527 என்று அறிவியுங்கள். அந்த ஆண்டு விளைச்சல் பொய்த்தது. ரொட்டிகளைப் பிள்ளைகள் கண்ணெதிரே கத்தியால் பாதியாக வெட்டுங்கள். அதே வயிற்றுக்கு இப்போது 28 பென்னி. கூலியோ அதே 24. வாடகைக்கு எங்கே போவது, கஞ்சியில் என்ன போடுவது என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள்.

முக்கியமான ஆட்டம் இதன் பிறகுதான். ஒரு குழுவைப் பெருநிலக்காரர் ஆக்குங்கள். நல்ல ஆண்டில் விற்க 40 மூட்டை கோதுமை, மூட்டை 6 பென்னி (இந்தக் கணக்கும் வகுப்புக்காகத்தான்): 240 பென்னி, அதாவது சரியாக ஒரு பவுண்டு. கெட்ட ஆண்டில் 30 மூட்டைதான், விலை 12: ஒன்றரைப் பவுண்டு! விளைச்சல் குறைந்தும் பணம் கூடியது எப்படி என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இன்னொரு குழு சிறு விவசாயி: 8 மூட்டையில் 6 சாப்பாட்டுக்கு, 2 விற்பனைக்கு. கெட்ட ஆண்டில் விளைவதே 6. விற்க ஒன்றுமில்லை, குத்தகை கட்டக் காசும் இல்லை. பணக்காரர், ஏழை என்ற இரண்டே பெட்டி போதாது என்பது இங்கே தானாகத் தெரிந்துவிடும்.

சறுக்கக்கூடிய இடங்கள் சில. 4 பென்னிக் கூலியையும் 1590களின் பஞ்சத்தையும் கலந்துவிடாதீர்கள். அதற்குள் கூலி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. விலைவாசி அதைவிட வேகமாக ஏறியிருந்தது. பெருநிலக்காரக் குழு இரக்கப்பட்டு ரொட்டியைச் சும்மா கொடுத்தால் தடுக்க வேண்டாம். அன்று மடாலயங்களும் தானம் கொடுத்தன. 1536க்கும் 1540க்கும் இடையில் அவை கலைக்கப்பட்டன என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். கஞ்சியில் உருளைக்கிழங்கு போட மட்டும் விடாதீர்கள், அது அப்போது இங்கிலாந்துக்கு வந்திருக்கவில்லை! பட்டாணி, முட்டைக்கோஸ், வெங்காயம், ஓட்ஸ் போதும்.

யார் கூலிக் குடும்பம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். வகுப்பில் வீட்டு வாடகைக்குத் திண்டாடும் பிள்ளையும் இருக்கலாம். “உனக்கு எப்படி இருக்கிறது?” என்பதைவிட “காசு தீர்ந்துவிட்டால் சனிக்கிழமை என்ன செய்வாய்?” என்று கேட்பது நல்லது.

படம் வேண்டுமென்றால் 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஹென்றியின் போர்க்கப்பலுக்குப் போங்கள். அதிகாரிகளின் வெள்ளீயத் தட்டும் மாலுமிகளின் மரக்கிண்ணமும் ஒரே கப்பலிலிருந்து கிடைத்தவை. இரண்டும் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள மேரி ரோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.