கை முந்திக்கொள்ளட்டும்

கேள்வி: ஆறு மாதமாகக் கேமராவோடு தெருத்தெருவாகச் சுற்றுகிறேன். ஒரு நல்ல காட்சி கண்ணில் பட்டதும், வெளிச்சம் போதுமா, ஃப்ரேம் சரியா என்று யோசிப்பதற்குள் அது போய்விடுகிறது. உள்ளுணர்வை நம்பி எடு என்கிறார்கள் நண்பர்கள். அப்படி எடுத்தால் படம் கோணலாக வருகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிதான் கண்முன் வந்தது. நவராத்திரிக்கு முந்தைய வாரம், நடைபாதை முழுக்கக் கொலு பொம்மைகள். சாயங்காலம் திடீரென்று மழை கொட்டியது. கடைக்கார அம்மா நீலத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார். ஓரத்தில் இருந்த செட்டியார் பொம்மைக்கு மட்டும் அது எட்டவில்லை. சட்டென்று அதை எடுத்து முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் அதன் தலையை உள்ளங்கையால் மூடினார். அவரோ தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார். நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். இருட்டிவிட்டதே என்று ஐஎஸ்ஓவை (குறைந்த வெளிச்சத்திலும் படம் விழக் கேமராவின் உணர்திறனைக் கூட்டும் அளவு) மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பொம்மை பத்திரமாகத் தார்ப்பாய்க்கு அடியில் போயிருந்தது. பதினெட்டு வருஷம் ஆகிறது. எடுத்த படங்களில் பாதி மறந்துவிட்டது. எடுக்காத அந்தப் படத்தில், ஈரத்தில் இளகி அவர் விரலில் ஒட்டிய சிவப்புச் சாயம்கூட நினைவிருக்கிறது.

மழை விழுந்ததுமே என் உடம்பு அந்தக் கடைப்பக்கம் திரும்பிவிட்டது. உள்ளுணர்வு தன் வேலையைச் செய்தது. கையில்தான் வேறு வேலை இருந்தது. அந்த வேலையை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 28 எம்எம் லென்ஸ் என்றால், ஒளி நுழையும் திறப்பான அப்பெர்ச்சரை எஃப் 8-இல் வைத்து, மேனுவல் ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ ஆட்டோ. அதன்பிறகு தெருவில் எதையும் திருக வேண்டியதில்லை. 2.5 மீட்டர் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வாசலில் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகுங்கள். நான் ஒரு மாதம் பழகினேன்.

அப்புறம், தெருத்தெருவாகச் சுற்றுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் ஊரில் கீழமாசி வீதி இருக்கிறது. அதில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் அங்கேயே நில்லுங்கள். எந்த நேரத்துக்கு எந்தச் சுவரில் வெயில் ஏறும், மூட்டை தூக்குகிறவர் எந்த இடத்தில் தோள் மாற்றுவார், டீக்கடைக்காரர் எப்போது தண்ணீரை வீசிக் கொட்டுவார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்த நொடி கொஞ்சம் முன்னாலேயே தெரிகிறது. உள்ளுணர்வு என்று நான் நம்புவது இதைத்தான்.

கோணலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1932-இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்தார். குதிகால் தண்ணீரைத் தொட ஒரு நூலிழைதான் பாக்கி. பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தது அது. லென்ஸுக்கு அந்த இடுக்கு போதவில்லை, இடது ஓரத்தை வேலி மறைத்துவிட்டது. எடுத்த படத்தை வெட்டுவதையே விரும்பாதவர், அதை வெட்டித்தான் அச்சிட்டார். (இதே மனிதர் 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், திருவண்ணாமலையில் கேமராவோடு இருந்தார். அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.)

இன்னொன்று. அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே அழிக்காதீர்கள். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த அன்றைய மனநிலை தேர்வில் கலந்துவிடக் கூடாது என்று ஃபிலிமை ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் கழுவாமல் வைத்திருப்பார். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் 2,500 அளவுக்கு இருந்தன. அவ்வளவு வேண்டாம். ஒரு மாதம் பொறுங்கள். கோணல் என்று நீங்கள் ஒதுக்கியதில் எதற்கு உயிர் இருக்கிறது என்று அப்போது தெரியும்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான். யாராவது முறைத்தால் கை நடுங்குகிறது.
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போன் தாராளமாகப் போதும் அம்மா. பல போன்களில் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் கேமரா திறந்துவிடும், வால்யூம் பொத்தானிலேயே படமெடுக்கலாம். திரையைத் தேட வேண்டாம், கண் தெருவிலேயே இருக்கலாம். யாராவது முறைத்தால் போனை இறக்கி, சிரித்து, எடுத்ததைக் காட்டுங்கள். அழித்துவிடு என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர், "எனக்கும் அனுப்பும்மா" என்று நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மறக்காமல் அனுப்புங்கள். ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர்கள், படித்துறையில் குளிக்கிறவர்கள் பக்கம் நான் கேமராவைத் தூக்குவதே இல்லை. அங்கே நிற்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வரும். உங்களுக்கும் வரும், அதையும் நம்புங்கள்.