இரண்டு வருடமும் எழுபது வருடமும்

கேள்வி: ஐயா, வேதாகமத்தில் எரேமியா 29:11 எனக்கென்றே கொடுக்கப்பட்ட வசனம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். இரண்டு வருடம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. என் விசுவாசம்தான் குறைவா?

பதில்: இல்லை சகோதரி. அந்த வசனத்தை உங்களுக்குப் பாதியாகக் கொடுத்துவிட்டார்கள். நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். மனைவி பிழைப்பாரா என்று தெரியாமல் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வாசித்துக் காட்டினேன். அவர் வேதாகமத்தைக் கையில் வாங்கினார். அவர் விரல் ஒரு வசனம் மேலே போய் நின்றது. "எழுபது வருஷம்னு போட்டிருக்கே ஐயா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய பெயரிலேயே சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். கடிதத்தில் இருந்ததோ எழுபது வருடம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் 11-ஆம் வசனம். ஆனால் அதற்கு முன்பே 5-ஆம் வசனம் வந்துவிடுகிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். 7-ஆம் வசனம் இன்னும் கடினம், சிறைபிடித்தவர்களின் பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது.

வேலைக்காக ஜெபிப்பதை விடாதீர்கள். அதோடு, வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையெல்லாம் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒரு படிப்பு, ஒரு உறவு, ஏதோ ஒன்று இருக்கும். அதில் ஒன்றை இந்த வாரமே தொடங்குங்கள். உங்களுக்கு எத்தனை வருடம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அனனியாவின் வேலையைத்தான் நான் செய்கிறேன்.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் நான் வசனத்தை விளக்கும்போது பிள்ளைகள் நெளிகிறார்கள். எப்படிச் சொல்வது?

பதில்: விளக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வாசித்துவிட்டு, "இதில் உனக்கு எது ஆச்சரியம்?" என்று மட்டும் கேளுங்கள். மாற்கு 5-இல் யவீருவின் மகள் கதையை ஒரு வீட்டில் அப்படி வாசித்தோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இயேசு அவளை உயிரோடு எழுப்பிவிட்டு, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார். நான் பல தடவை பிரசங்கித்த பகுதிதான், அந்த வரியில் ஒரு தடவைகூட நின்றதில்லை. அந்த வீட்டுச் சின்னப் பெண் நின்றாள். "அவளுக்குப் பசிக்கும்னு அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.